துவைக்காத பனியன்

டெல்ஃபின் பனியன் போடுவதை விட்டது தோஹாவுக்குப் போன பிறகுதான். அதற்கு முன் முப்பத்துநாலு வருஷம் பனியன் இல்லாமல் அவன் சட்டை மாட்டியதே கிடையாது. அவன் ஊரான குமாக்காவில் எந்த ஆண்பிள்ளையும் மாட்டமாட்டான். வேர்வை முதுகிலேயே காய்ந்தால் சளி நெஞ்சில் இறங்கிவிடும், அப்புறம் இருமி இருமியே ஆள் உருகிப்போவான் என்று அந்த ஊர்த் தாய்மார் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். மணிலாவில் டாக்டருக்குப் படித்துத் திரும்பியவன்கூட அங்கே சட்டைக்குள் பனியனோடுதான் மருந்துச் சீட்டு எழுதுகிறான்.

தோஹாவில் அவனுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் ஏ.சி. பழுதுபார்க்கும் வேலை. அறைக்கு எட்டுப் பேர், எட்டுப் பேரும் அவன் நாட்டுக்காரர்கள். வெள்ளிக்கிழமை விடுமுறையில் துணி துவைக்கும்போதெல்லாம் ஆண்பிள்ளைக்குப் பனியன் வேண்டுமா வேண்டாமா என்று ஒரு பட்டிமன்றம் நடக்கும். வேண்டாம் கட்சிக்குத் தலைவன் ஒமெங். இலோய்லோ பக்கத்துக்காரன், பேச்சில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது.

“நாள் பூரா ஏ.சி.க்குள்ள கெடக்கறவனுக்கு வேர்வை எங்கேருந்துடா வரும்? நீ பனியன் போடறது உன் ஒடம்புக்காக இல்ல, உங்கம்மாவுக்காக,” என்றான் ஒருநாள். அறையே சிரித்தது.

டெல்ஃபினின் அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதை அங்கே சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான். போதாக்குறைக்கு மேற்பார்வையாளரும் மெல்லிய வெள்ளைச் சீருடைக்குள் பனியனின் பட்டை தெரிவது அசிங்கமாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். மூன்றாம் மாதத்தில் விட்டுவிட்டான். அதற்குப் பதில் ஒரு சென்ட் பாட்டில் வாங்கிக்கொண்டான். ஊரிலிருந்து கொண்டுபோன பனியன்களெல்லாம் இயந்திரம் துடைக்கிற துணியாகிப் போயின.

ஆனால் அவனுடைய பனியன் ஒன்று ஊரில் இருந்தது. அதுதான் அவனுக்கு எல்லாம்.

அவன் கிளம்பியபோது மகள் அமிஹானுக்கு நாலு மாதம். கைக்குழந்தையை விட்டுப் போகிற தகப்பன் செய்யவேண்டியதை அவனும் செய்தான். ஒரே பனியனை மூன்று நாள் கழற்றாமல் போட்டிருந்தான். அதோடு விறகு பிளந்தான், கூரைத் தகரம் மாற்றினான், அதோடுதான் படுத்தான். கிளம்புகிற அன்று காலை அதைக் கழற்றித் துவைக்காமல் அப்படியே குழந்தையைச் சுற்றி வைத்தான். தகப்பன் வாசனை பக்கத்தில் இருந்தால் பிள்ளை ஏங்காது, காய்ச்சலில் விழாது. மனைவி லிசெல் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அதே பனியனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

இரண்டு வருஷம் நாலு மாதம் ஓடியது. வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் குழந்தை கையில் பனியன் இருக்கும். தவழ்ந்தபோது இழுத்துக்கொண்டு தவழ்ந்தாள், நடந்தபோது மிதித்துக்கொண்டு நடந்தாள். கட்டைவிரல் வாயில், பனியனின் ஓரம் மூக்கில், அப்படி இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம். டெல்ஃபின் அதை ஒமெங்கிடம் காட்டி அலட்டிக்கொள்வான். நான் இங்கே கிடக்கிறேன், என் மகள் அங்கே என்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள், பார்த்துக்கொள் என்பான். பேச்சில் தோற்காத ஒமெங்கே அதற்கு மட்டும் போனை வாங்கி இன்னொரு தடவை பார்ப்பான். அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் டெல்ஃபின் அத்தனை நாளையும் தள்ளினான். லிசெலிடமும் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறான்.

ஒருவழியாக முப்பது நாள் விடுப்பு கிடைத்தது. ஆள் உயர அட்டைப்பெட்டியோடு ஊர் வந்து இறங்கினான். அமிஹான் சாக்லேட்டைத் தின்றாள், பேசும் பொம்மையை வாங்கிக்கொண்டாள், கொடுத்தவனை மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். அவன் கையை நீட்டினால் அம்மாவின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். முதல் நாள் சாயங்காலம் வழக்கமாக அவன் கூப்பிடுகிற நேரம் வந்தது. அவள் போனைத் தூக்கிக்கொண்டு லிசெலிடம் போய், “அப்பா போடு,” என்றாள். அப்பா இதோ உட்கார்ந்திருக்கிறாரே என்று லிசெல் காட்டினாள். குழந்தை அவனை ஏறிட்டுப் பார்த்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டு மறுபடியும் போனை நீட்டினாள்.

அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். விமானம் ஏறுவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் தானாக வந்து அவன் மடியில் தூங்கவேண்டும். அடுத்த விடுப்புக்குள் அவளுக்கு ஐந்து வயது ஆகிவிடும். அப்போது பள்ளிக்கூடம், தோழிகள் என்று ஆகிவிட்ட பிள்ளை எவன் மடியில் வந்து தூங்கப்போகிறது?

லிசெலின் அண்ணன் அன்டோய் இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்தான். நாற்பத்தைந்து வயது, கல்யாணம் கூடிவரவில்லை, கொப்பரைச் சூளையில் வேலை. பெரிய உடம்பு. வேலை முடிந்து போகிற வழியில் தங்கை வீட்டில் ஒரு நடை எட்டிப் பார்க்காமல் போகமாட்டான். டெல்ஃபின் வந்த மறுநாள் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினான்.

“என்ன மச்சான், சட்டைக்குள்ள ஒண்ணையும் காணோம்? தொர ஆயிட்டியா?”

டெல்ஃபின் ஒமெங்கின் நியாயத்தையெல்லாம் எடுத்துவிட்டான். ஏ.சி., சீருடை, பட்டை தெரிவது, எல்லாம். அன்டோய் ஒத்துக்கொள்ளவில்லை. டெல்ஃபின் பேசிக்கொண்டிருக்கும்போதே அமிஹான் அன்டோயின் முழங்காலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். தினம் பார்க்கிற முகம், அதனால் ஒட்டிக்கொள்கிறது, தானும் நாலு நாள் இருந்தால் சரியாகிவிடும் என்று டெல்ஃபின் மனதைத் தேற்றிக்கொண்டான்.

நாலு நாள் எட்டு நாளானது. ஒன்றும் சரியாகவில்லை.

ஒன்பதாம் நாள் காலை லிசெல் சந்தைக்குப் போயிருந்தாள். அமிஹான் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூக்கோடு ஒட்டியிருந்த அந்தக் கந்தலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது அடுப்படித் துணிகூட அதைவிடத் தேவலை. ஆளே வந்தாச்சு, இனி ஆளின் பனியன் எதற்கு என்று அவனுக்குத் தோன்றியது. மோந்து பார்க்க அது இல்லையென்றால் பிள்ளை உண்மையான ஆளிடம் வந்துதானே ஆகவேண்டும்? புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ, மெதுவாக அவள் விரலை விலக்கி அதை உருவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான்.

இரண்டு வருஷம் தன் துணியைத் தானே துவைத்த கை. சோப்புப் போட்டுக் கசக்கியதும் கறுப்புத் தண்ணீர் ஓடியது, கொப்பரைப் புகை நாற்றம் குப்பென்று வந்தது. அந்த ஊரில் காற்றுக்கே அந்த நாற்றம்தான், அதனால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று தண்ணீர் அலசி, நீலம் போட்டு, வெயிலில் கம்பியில் விரித்தான். குழந்தை இழுத்து இழுத்து நீண்டுபோயிருந்த பழைய பனியன் கொக்கு மாதிரி வெளுத்துத் தொங்கியது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

அமிஹான் எழுந்ததும் பாயைத் தடவினாள். அவன் ஓடிப்போய் வெயில் சூடு ஆறாத பனியனைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். அவள் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். பாயைப் புரட்டித் தேடினாள். கதவுக்குப் பின்னால், அரிசிப் பானைக்குப் பக்கத்தில், அம்மாவின் செருப்புக்கு அடியில் எல்லாம் தேடினாள். எங்கும் இல்லை என்று ஆனதும் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

லிசெல் கூடையோடு வாசலுக்கு வந்தபோது வெறும் கம்பியையும் ஈர வாளியையும் பார்த்தாள். “தொவைச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டாள்.

அழுகை அன்று நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. சோறு வேண்டாம், பால் வேண்டாம். தொண்டை கட்டிப்போய், அழுகிறாள் என்பது முகத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்கிற நிலைக்கு வந்தது. நெற்றி லேசாகச் சுட்டது. அன்டோயோ சூளையில் இரட்டை வேலை என்று மூன்று நாளாக எட்டிப் பார்க்கவில்லை.

இதற்கு என்ன பெரிய வைத்தியம், இன்னொரு பனியன் செய்துவிட்டால் போகிறது என்றான் டெல்ஃபின். சந்தைக்கு ஓடிப்போய் மூன்று வாங்கிவந்தான். குமாக்காவில் எல்லாரும் வாங்குவது அந்த ஒரே கடையில், அந்த ஒரே பனியன். அதைப் போட்டுக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் தேங்காய் மட்டை பிளந்தான், தேவையில்லாமல் குழி வெட்டினான், வெட்டியதை மூடினான். ஏ.சி. நாட்டு உத்தியோகஸ்தனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலி ஓரம் நின்று சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு நனைந்ததும் கழற்றி மகளிடம் கொண்டுபோனான்.

அமிஹான் ஆசையோடு வாங்கி மூக்கில் வைத்தாள். அப்புறம் காலால் தள்ளிவிட்டாள். “இது இல்ல,” என்றாள் கட்டிப்போன தொண்டையால்.

டெல்ஃபின் அந்தப் பனியனைத் தானே எடுத்து மோந்து பார்த்தான். “என் வேர்வையே மாறிப்போச்சா லிசெல்? அந்த ஊருக்குப் போய் எனக்கு என் வாசனையே இல்லாமப் போச்சா?” என்று கேட்டான்.

லிசெல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“டெல், அது உன் பனியன் இல்ல.”

சொல்ல ஆரம்பித்தபின் அவள் எதையும் மறைக்கவில்லை. அவன் தோஹாவுக்குக் கிளம்பிய அதே வருஷம் கார்த்திகையில் அடித்த புயலில் வீட்டுக்குள் ஜன்னல் வரை தண்ணீர் வந்துவிட்டது. நடுப்பகலில் அவளும் அன்டோயும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். பாய், தலையணை, பனியன் எல்லாம் தண்ணீரோடு போயின. பள்ளிக்கூடத்தில் மூன்று நாள் பிள்ளைக்குக் காய்ச்சல், ஓயாத அழுகை. சுற்றிப் போர்த்தக் காய்ந்த துணி ஒன்று இல்லை. அன்டோய் தன் சட்டையைக் கழற்றி, உள்ளே உடம்புச் சூட்டில் காய்ந்திருந்த பனியனைக் கழற்றி, அதில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டான். பிள்ளை தூங்கிவிட்டது. அன்றிலிருந்து அதுதான். வாசனை குறைந்து பிள்ளை சிணுங்க ஆரம்பித்தால் அன்டோய் அதை ஒருநாள் சூளைக்குப் போட்டுக்கொண்டு போய்த் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பான்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றான் டெல்ஃபின்.

“சொன்னா அங்க உக்காந்துக்கிட்டு நீ என்ன பண்ணுவ? அந்தப் பனியன நெனச்சுத்தான் தூங்கறேன்னு நீதான சொன்ன.”

அவனுக்குக் கோபம் வரவேண்டும் என்று இருந்தது, ஆனால் யார் மேல் கோபப்படுவது? புயல் மேலா? இரண்டு வருஷமாக வீடியோவில் அவன் பார்த்துப் பார்த்துப் பூரித்ததெல்லாம் அன்டோயை. மகள் கட்டிக்கொண்டு தூங்கியது அன்டோயை. எட்டுப் பேர் குறட்டை விடுகிற அந்த அறையில், ஊர் பேர் தெரியாத பாலைவனத்தில், அவன் ஒருநாளும் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. சொந்த வீட்டில், மனைவியும் மகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான் அப்படி ஆனான். எழுந்து, தோஹாவில் வாங்கிய கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

சூளை மலையடிவாரத்தில் இருந்தது. மதிய வெயிலில் புகை மேலே ஏறாமல் மரங்களுக்கு நடுவே தேங்கி நின்றது. அன்டோய் மூங்கில் தட்டி மேல் கொப்பரையைத் துடுப்பால் புரட்டிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன, உள்ளே பனியன் தொப்பலாக நனைந்து வயிற்றோடு ஒட்டியிருந்தது. டெல்ஃபினைக் கண்டதும் புரட்டுவதை நிறுத்தினான். முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“லிசெல் சொல்லிட்டாளா?”

“ம்.”

“நான் வேணும்னு பண்ணல மச்சான். புள்ள கத்துச்சு.”

“தெரியும்ண்ணே.”

டெல்ஃபின் துவைத்த கதையையும் இரண்டு நாள் அழுகையையும் சொன்னான். அன்டோய் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். கிளம்பிவிடுகிற அவசரம் அவன் முகத்தில் தெரிந்தது. “இப்பவே வரேன். செத்த நேரம் தூக்கி வெச்சிருந்தா தூங்கிரும்,” என்றான்.

டெல்ஃபின் நகராமல் நின்றான். கடைசியில் கொப்பரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நீங்க வர வேணாம்ண்ணே. பனியன மட்டும் குடுங்க.”

அன்டோய் அவனையே பார்த்தான். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு சட்டையைக் கழற்றினான், பனியனைத் தலை வழியாக உருவினான், நாலாக மடித்து நீட்டினான். வெறும் உடம்பின் மேல் சட்டையைப் போட்டு மேல் பொத்தான் வரை மாட்டிக்கொண்டான்.

“இன்னிக்கு நானும் தொரதான்,” என்றான். சிரிக்க முயன்றான். அப்புறம், “நீ பிளேன் ஏறற வரைக்கும் நான் அந்தப் பக்கம் வரல மச்சான். புள்ள கேட்டா வேலைன்னு சொல்லு,” என்றான்.

அப்படியெல்லாம் வேண்டாம், நீங்கள் எப்போதும்போல் வாருங்கள் என்று டெல்ஃபின் சொல்லியிருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் அந்த மனுஷனுக்குப் போக்கிடம் அந்த ஒரு வீடுதான் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பனியனை எடுத்துக்கொண்டு நடந்தான்.

மகள் கையில் அதைக் கொடுக்கவேண்டும் என்றுதான் வாங்கினான். பாதி வழியில் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் கால் நின்றுவிட்டது. கொடுத்தால் என்ன ஆகும்? அவள் அதை வாங்கிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்வாள். அவன் மறுபடியும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான், வீடியோவில் பார்த்த மாதிரியே. சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டு அன்டோயின் பனியனைத் தலை வழியாக மாட்டிக்கொண்டான்.

இன்னொருத்தன் வேர்வை குளிர்ந்துபோய் மேலெல்லாம் ஒட்டியது. புகையும் தேங்காய் எண்ணெயும் மனித நாற்றமுமாகக் குமட்டிக்கொண்டு வந்தது. பனியன் தொடை வரை தொங்கியது, தோள்பட்டை நழுவியது. அதைக் கால்சட்டைக்குள் திணித்து, மேலே கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

லிசெல் வாசலில் ஒதுங்கி வழிவிட்டாள். அவன் அவளைத் தாண்டியபோதே அந்த வாசனையை அவள் கண்டுகொண்டாள்.

அமிஹான் பாயில் சுருண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். டெல்ஃபின் கையை நீட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாலடி தள்ளிச் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, மேல் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டான். விசும்பல் நின்றது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள், தெரியாத முகம்தான். அவன் மார்பைப் பார்த்தாள். தவழ்கிற பிள்ளை மாதிரி கையை ஊன்றிக்கொண்டு வந்து அவன் மடியில் ஏறினாள். சட்டைத் திறப்பில் பனியனின் ஓரத்தைப் பிடித்து வெளியே இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் வாய்க்குள் போனது.

“மாமா,” என்றாள் கண்ணை மூடிக்கொண்டே.

“ம்,” என்றான் டெல்ஃபின்.

அவள் தூங்கிவிட்டாள். இரண்டு நாள் தூக்கமும் சேர்ந்துகொண்டது, வாய் திறந்து விரல் நழுவியது. மடியில் இவ்வளவு கனம் இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. அவள் தலையை முகர்ந்து பார்த்தான், கை மட்டும் அவளைத் தொடப் பயந்து தரையிலேயே கிடந்தது. தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. அவன் நெற்றியில் வேர்வை அரும்புவதைப் பார்த்து லிசெல் அடிமேல் அடி வைத்து வந்து மின்விசிறியின் சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

“போடாத,” என்றான் டெல்ஃபின், உதடு மட்டும் அசைய. “வேர்க்கட்டும்.”

லிசெல் கையை இழுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். அவன் கழுத்திலிருந்து வேர்வை இறங்கி அன்டோயின் பனியனுக்குள் ஊற ஆரம்பித்தது. இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.